கையால் திருத்தாதீர்கள்

இந்த நாற்காலி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, மேடம். உட்கார்ந்ததுமே கவனித்துவிட்டேன். பரவாயில்லை, வேறு நாற்காலி வேண்டாம். இருக்கைக்குக் கீழே ஒரு உருளை இருக்கிறதல்லவா, அதற்குள் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் வாயு கசியும். உட்கார்ந்திருப்பவரின் எடை மெதுவாக ஜெயிக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் என் தாடை மேசை விளிம்புக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

தாடையில் இருக்கும் வெட்டுக்காயத்தைப் பார்க்கிறீர்கள். அடிதடி எதுவும் நடக்கவில்லை. எங்கள் வீட்டுக் குளியலறையில் கொஞ்ச காலம் விளக்கு எரியாமல் இருந்தது. குத்துமதிப்பாகச் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் மனிதவளப் பிரிவு, நிரல் எழுதுகிறவர் இல்லை. ஆகவே கருவி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை. அது புரியாமல் குற்றத்தை மட்டும் கேட்டால் நான் ஏதோ கெட்டவன் என்ற எண்ணம் வந்துவிடும்.

நம் நிறுவனம் லிஃப்ட் பராமரிப்பவர்களுக்கு மென்பொருள் செய்கிறது. கதவு, கம்பிவடம், மோட்டார், அபாயமணி என்று லிஃப்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஜாவாவில் ஒரு கோப்பு. ஜாவா நல்ல மொழிதான், ஆனால் வாயாடி. ஒரு கதவுக்கு அகலம் உண்டு, உயரம் உண்டு, கடைசியாக எண்ணெய் போட்ட தேதி உண்டு என்று சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. அகலம் என்ன என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு பத்தி வேண்டும், மாற்ற ஒரு பத்தி வேண்டும். உயரத்துக்கும் அப்படியே. இரண்டு கதவுகள் ஒன்றேதானா என்று ஒப்பிட ஒரு பத்தி, நகலெடுக்க ஒரு பத்தி. அடுக்குமாடிக் கட்டிடத்தின் வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் அதே துவாரம், அதே மூடி, அதே பூட்டு. பெயர் மட்டும் வேறு. இதையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எழுதினால் அலுப்பில் யாராவது ஒரு பெட்டிக்குத் துவாரம் வைக்க மறந்துவிடுவார்கள். விவரத்தை ஒருமுறை சொன்னால் மிச்சத்தைத் தானே எழுதித் தரும் கருவி ஒன்று வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

இதில் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏராளம், எல்லாமே அழகானவை. நிரல் கம்பைல் ஆகும்போதே, அதாவது இயந்திர மொழிக்கு மாறும்போதே, அதில் ஒட்டியிருக்கும் குறிப்புச்சீட்டுகளைப் படித்துக் கருவி வேலை செய்யலாம். இல்லையென்றால் அதற்கு முன்பே தனியாக ஓடி முடித்துவிடலாம். அச்சு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு காலி இடங்களை நிரப்பலாம்; அல்லது வாக்கியத்தை மரம்போலக் கிளைகிளையாகக் கட்டி அதிலிருந்து எழுதலாம். எழுதியதைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பதா, ஒவ்வொரு முறையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா என்பது இன்னொரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் சாதக பாதகம் எழுதினேன். படம் வரைந்தேன். கூட்டம் கூட்டினேன். கூட்டத்தில் எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்ய இன்னொரு கூட்டம் கூட்டினேன். எழுதாதது கருவியை மட்டும்தான்.

நம் மேலாளரை நாங்கள் ‘ஆச்சா’ என்று கூப்பிடுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் என் மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ஆச்சா?”

“அச்சா மரமான்னு ஒரு முடிவுக்கு வந்துட்டா ஆச்சு சார்.”

“மரமோ செடியோ, வெள்ளிக்கிழமை பணம் போட்டவங்க பார்க்க வர்றாங்க. ஏதாவது ஒண்ணைக் காட்டணும்.”

ஆகவே ஒரு மாதிரி தயாரித்தேன். கருவி இருந்தால் கதவுக்கான கோப்பை எப்படி எழுதியிருக்குமோ அப்படியே நான் கையால் எழுதினேன். இப்படிப்பட்ட கோப்புகளின் தலையில் ஒரு எச்சரிக்கை போடுவது உலக வழக்கம். நானும் போட்டேன்: ‘இந்தக் கோப்பைக் கருவி உருவாக்கியது. கையால் திருத்தாதீர்கள்.’ மாதிரிக்காகத்தான். மாதிரி என்றால் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா.

இப்போது பூதக்கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தளத்தில் யார் எதை எழுதினாலும் அந்த மூத்த பொறியாளர் படித்துச் சரி சொன்ன பிறகுதான் சேர்ப்பார்கள். ஒரு வரியின் கடைசியில் வேண்டாத வெற்றிடம் ஒன்று இருந்தால்கூட அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, “இது யார் வீட்டுக் காலி மனை?” என்று கேட்பார். என் நிரலை அவர் திருப்பி அனுப்பியதை எழுதினால் தனிப் புராணம் ஆகும். அப்பேர்ப்பட்டவர் என் மாதிரிக் கோப்பைத் திறந்தார், முதல் வரியைப் பார்த்தார், மூடிவிட்டார்.

“டூல் எழுதினதா? அப்ப சரியாத்தான் இருக்கும்.”

அவர் வாயிலிருந்து ‘சரி’ என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு மனிதன் எதற்கெல்லாம் பலவீனப்படுகிறான் என்பதை நீங்கள் உங்கள் பணியில் எவ்வளவோ பார்த்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் கைதட்டினார்கள். திங்கட்கிழமை, கம்பிவடத்துக்கும் ஒரு கோப்பு வேண்டும் என்று கேட்டார்கள்.

ஒரு ஃபோல்டரில் விவரத்தைப் போட்டால், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு இன்னொரு ஃபோல்டரில் கோப்பு இருக்கும். இதுதான் ஏற்பாடு. இடையில் நான் இருந்தேன். ஆனால் மேடம், நான் அதைச் சும்மா எழுதவில்லை. ஒரு நல்ல கருவிக்கு என்னென்ன இலக்கணம் உண்டோ அத்தனையையும் கடைப்பிடித்தேன். ஒரே விவரத்தை எப்போது கொடுத்தாலும் ஒரே கோப்புதான் வர வேண்டும்; அதனால் கோபமாக இருக்கும்போது எழுதமாட்டேன். உருவாக்கிய நேரத்தைத் தலைப்பில் போடக்கூடாது, போட்டால் ஒன்றுமே மாறாத கோப்புகூட மாறியதுபோலத் தெரியும். போட்டால் நான் டீ குடிக்கப் போன நேரமும் தெரியும். விவரத்தில் பிழை இருந்தால் கருவி அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘கதவின் உயரம் தரப்படவில்லை. தயவுசெய்து தரவும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்’ என்று ஒருமுறை எழுதிவிட்டேன். கருவிக்கு என்ன ஒரு மரியாதை என்று தளம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம், கருவி பராமரிப்பில் இருப்பதாக அறிவித்தேன். அதுவும் பொய் இல்லை, கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டாய் என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கருவி இருந்தது. அது எதனால் செய்யப்பட்டது என்பது உள்விவகாரம்.

பிறகு ஒருநாள் ஆச்சா என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

“உங்க டூல் இருக்கறப்ப எதிர்ப்பக்கம் நாலு பேர் உட்கார்ந்து அதே வேலையைக் கையால செய்யறாங்களே, எதுக்கு? நீங்களே சொல்லுங்க. அவங்க வேலையும் சேர்ந்து வந்தா டூல் தாங்குமா?”

எதிர்ப்பக்கம் இருந்த நால்வரில் ஒருத்தி என் மனைவி.

நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். நிதானமாக யோசித்தேன். உண்மையைச் சொன்னால் நிறுவனம் ஒரு நல்ல கருவியை இழந்துவிடும். சொல்லாவிட்டால் என் மனைவி வேலையை இழப்பாள். ஆனால் ஒரு வடிவமைப்பாளன் வீட்டு உறவை மனதில் வைத்து முடிவெடுத்தால் அதற்குப் பெயர் பாரபட்சம். “தாங்கும் சார்” என்றேன்.

நால்வருக்கும் ஆளுக்கொரு தொட்டிச்செடி கொடுத்து அனுப்பினார்கள். காரில் வரும்போது என் மனைவி செடிக்கு பெல்ட் போட்டாள், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து தட்டு வைத்தபிறகுதான் பேசினாள்.

“ஏங்க, உங்க மிஷின் சாப்பிடுமா?”

“சாப்பிடாது.”

“தூங்குமா?”

“தூங்காது.”

“குறட்டையும் இல்ல. பேசாம நான் அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்.”

அடுத்த வாரத்திலிருந்து நால்வர் வேலையும் என் ஃபோல்டருக்கு வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் வீட்டில் அதிகம் பேசியதாக நினைவில்லை. விரல்கள் வீங்கின. வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று ஆராய்ந்தேன். கருவி திணறினால் அதன் எந்த உறுப்பு பலவீனம் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்ற வேண்டும். பலவீனமான உறுப்பு நான்தான். மாற்று உறுப்பு எங்கள் சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தது.

“கப்பல் கம்பெனிங்களுக்கு சாஃப்ட்வேர் செய்யற ஃபிரெண்டு ஒருத்தர் இருக்கார். ஆள் தேடறாராம். வீட்டிலேர்ந்தே செய்யலாம், சம்பளம் மொத்தமா அப்புறம் தருவாராம்” என்றேன்.

“அவருக்கு மிஷின் இல்லையா?”

“இல்ல, பாவம்.”

“நல்ல மனுஷன்.”

அவள் எழுதியது கப்பல் கதவு, கப்பல் மோட்டார், கப்பல் கம்பிவடம். நான் ‘கப்பல்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘லிஃப்ட்’ என்று மாற்றும் சின்னக் கட்டளை ஒன்றை ஓடவிட்டு, மேலே எச்சரிக்கை வரியை ஒட்டி, ஃபோல்டரில் போட்டுவிடுவேன். மொத்தக் கருவியிலும் தானாக நடந்த வேலை அது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. புதிய பதிப்பு பழையதைவிட எவ்வளவோ மேல் என்று பூதக்கண்ணாடியே ஆச்சாவிடம் சொன்னாராம், கோப்பைத் திறக்காமலே.

ஆக, என் மனைவியின் வேலையைப் பறித்த இயந்திரம் என் மனைவிதான். இதை இப்படி ஒரே வரியில் சொன்னால் கேட்க ஒருமாதிரி இருக்கிறது. ஆனால் அவள் வேலை அவளிடமேதான் இருந்தது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். சம்பளம்தான் இல்லை.

முதல் கோப்பை என்னிடம் கொடுக்கும்போது அவள் கேட்டாள்: “அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க. படிப்பீங்கல்ல?”

“படிப்பேன்” என்றேன். அதைப் படிக்கவும் செய்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன். இது சோம்பல் இல்லை, கொள்கை. கருவி எழுதியதை வரிவரியாக உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் கருவி எதற்கு?

அவள் மட்டும் தினமும் கேட்பாள்.

“படிச்சீங்களா?”

“படிச்சேன். பிரமாதம்.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு குளியலறைப் பக்கம் பார்ப்பாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வேலை போன வருத்தம் என்று நினைத்தேன்.

இப்படியே நன்றாகப் போயிருக்கும். ஆனால் அவள் எனக்குச் சொல்லாமல் ஆச்சாவுக்கு எழுதிவிட்டாள். உங்கள் மிஷினோடு நான் போட்டி போடுகிறேன், ஜெயித்தால் எங்கள் நாலு பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஆச்சாவுக்கு அது பிடித்துவிட்டது. பணம் போட்டவர்களையும் கூப்பிட்டார். நீங்களும் அன்று பின்வரிசையில் இருந்தீர்கள். என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும், கருவியின் பொறுப்பாளன் என்பதால், என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

நேர்மையாகப் போட்டியிட்டிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். நான் தட்டச்சில் அவளுக்கு ஈடு இல்லை. நான்கு குடும்பத்துக்கு வேலை கிடைத்திருக்கும், கருவி குப்பைக்குப் போயிருக்கும். ஆகவே போட்டிக்கு அபாயமணி என்று தேர்ந்தெடுத்துவிட்டு, முதல்நாளே அவளிடம் கப்பல் மணி ஒன்று அவசரம் என்றேன். மறுநாள் போட்டி இருக்கிறது, கை ஓய்ந்துவிடும் என்றாள். பிறகு, “உங்களுக்காகத்தான்” என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் கூட்ட அறையில் ஆச்சா கையைத் தட்டினார். அவள் முதல் வரியை முடிப்பதற்குள் நான் ஒரு பொத்தானை அமுக்கினேன். பெரிய திரையில் முழுக்கோப்பும் வந்து நின்றது.

“ஆச்சா?” என்றார்.

“ஆச்சு சார்” என்றேன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொன்னது எனக்கு அதுவே முதல்தடவை.

அவளுடைய பழைய அணி மூவரும் கதவருகே நின்றிருந்தார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் நிறுத்தாமல் தட்டச்சு செய்து, முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். தோற்றது தன்னிடமே என்பதால் அதில் அவளுக்கு அவமானம் ஒன்றும் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது பூதக்கண்ணாடி எழுந்தார். “வேகம் இருக்கட்டும். தரத்தையும் பார்க்கணுமில்ல? ரெண்டையும் படிக்கறேன்.”

“சார், டூல் எழுதினதைப் படிக்கற வழக்கமே நம்மகிட்ட இல்லையே” என்றேன்.

“இன்னைக்கு நான் நடுவர்ப்பா.”

அவர் நிரலை உரக்கப் படிக்கும் குரல் உங்களுக்கு நினைவிருக்கும், ரயில் வரும் நேரம் அறிவிப்பதுபோல. மணியின் ஒலி அளவு. மணியின் நிலை. கடைசியாகச் சோதித்த தேதி. பிறகு ஒரு கமெண்ட் வந்தது. அதையும் அதே குரலில் படித்தார்.

“என்னங்க, நாளைக்கு வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க. பாத்ரூம்ல இன்னும் இருட்டாவே இருக்கு. தாடையை வெட்டிக்காதீங்க.”

ஆச்சா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “டூலுக்கு எதுக்குய்யா பல்பு?”

என் மனைவி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இது எங்க வீட்டு பல்பு சார்” என்றாள்.

கமெண்ட் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். நிரலுக்கு நடுவே எழுதலாம், ஆனால் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. கம்பைல் ஆகும்போது உதிர்ந்துவிடும். பின்னால் வந்து படிக்கப்போகும் மனிதருக்காக மட்டுமே எழுதுவது.

பூதக்கண்ணாடி விடவில்லை. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கதவுக் கோப்பில், ‘அம்மா போன் பண்ணாங்க, ஒரு வார்த்தை பேசிடுங்க’ என்று இருந்தது. மோட்டார் கோப்பில், ‘நேத்து சாப்பிடும்போது ஏன் லிஃப்ட் கவுந்த மாதிரி உட்கார்ந்திருந்தீங்க?’ என்று இருந்தது. அதற்கு மட்டும் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நீங்களாக இருக்காது. என் மாற்றும் கட்டளை எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அது சான்று. கம்பிவடத்தில், ‘செடி பூத்திருக்கு, பார்த்தீங்களா?’ கடைசியாக அவர் திறந்தது ஏதோ பொத்தான் கோப்பு. ‘நீங்க இதைப் படிக்கறதே இல்லைன்னு தெரியும். இருந்தாலும் எழுதறேன். வேற யார்கிட்ட பேசறது.’

அதை அவர் முழுக்க உரக்கப் படிக்கவில்லை. பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மிச்சத்தை எல்லோரும் திரையில் தாங்களே படித்துக்கொண்டார்கள். நானும் அப்போதுதான் படித்தேன்.

அவ்வளவுதான் மேடம். கருவி என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. முதலில் நான் இருந்தேன், பிறகு அவள் இருந்தாள். மூன்று பேரையும் அவளையும் வீட்டுக்கு அனுப்பியது நான். போட்டியில் அவளை அவள் கையாலேயே தோற்கடித்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால் போதும். இந்த உயரத்திலிருந்து எனக்கு மேசையின் அடிப்பக்கம்தான் தெரிகிறது. யாரோ சூயிங்கம் ஒட்டியிருக்கிறார்கள்.

நால்வரையும் திரும்ப எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். நிஜமான கருவியை அவளே எழுதுகிறாளாம். அச்சா மரமா என்பதை ஒரு காலையிலேயே முடிவு செய்துவிட்டாளாம். கண் இமைக்கும் நேரத்தில் கோப்பு வந்துவிடுகிறதாம். கொஞ்சம் அவசரப்படுகிறாள் என்பது என் கருத்து. என்னைக் கேட்டிருந்தால் ஒரே ஒரு யோசனை சொல்லியிருப்பேன். இவ்வளவு யோசித்து வடிவமைத்தும் நான் செய்த தவறு எது என்று இரவெல்லாம் நினைத்துப் பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டேன். ஃபோல்டரில் போடும் முன்பு கமெண்டுகளை நீக்க ஒரு கட்டளை வைத்திருக்க வேண்டும். ஒரே வரிதான்.

வீட்டில் அவள் இல்லை. செடியும் இல்லை. பல்பு வாங்கி மாட்டிவிட்டேன், பார்க்கத்தான் ஆளில்லை.

அவளிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. இன்று காலை எனக்கு ஒரு கோப்பு அனுப்பியிருந்தாள், நீளமான கோப்பு. உடனே திறந்தேன். தலைப்பிலேயே ‘இந்தக் கோப்பைக் கருவி உருவாக்கியது. கையால் திருத்தாதீர்கள்’ என்று இருந்தது. மூடிவிட்டேன். கருவி எழுதியது என்றால் சரியாகத்தான் இருக்கும்.